ஸ்டியரிங் பட்டனும் மஞ்சள் ஒயரும்

போன ஆவணியில் ஒரு நாள் காலை, செங்கல்பட்டில் ஒரு சீமந்தத்துக்காக நானும் வீட்டம்மாவும் காரில் போய்க்கொண்டிருந்தோம். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியிருப்போம். எஃப்.எம்.மில் நல்ல பாட்டு ஒன்று முடிந்து, நகைக்கடை விளம்பரம் காதைக் கிழித்தது. சத்தத்தைக் குறைக்க இடது கையை நீட்டினேன். இரண்டு வருடமாக எனக்கு இடது தோள்பட்டையில் இறுக்கம். கை முழுதாக நீளாது. உடம்பைக் கொஞ்சம் சாய்த்தால்தான் ஸ்டீரியோ எட்டும். சாய்ந்தேன். கண்ணும் கூடவே சாய்ந்தது. நிமிர்ந்தபோது பால் கேன் கட்டிய டி.வி.எஸ். 50 ஒன்று எனக்கு நேர் எதிரே, மீடியன் இடைவெளியில் திரும்புவதற்காக மெதுவாகக் குறுக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்தேன். ஒரு முழம் இடைவெளியில் நின்றது. பால்காரர் திட்டவில்லை. என் நரைத்த தலையைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டம்மா ஸ்டீரியோவை அணைத்தாள். "இனிமே கார்ல பாட்டு கிடையாது" என்றாள். மூன்று வாரம் கிடையாது.

விஷயத்தைக் கேள்விப்பட்ட மகன் போனில், "அப்பா, அன்னைக்கே டாப் எண்ட் வாங்கியிருந்தா ஸ்டியரிங்லயே பட்டன் இருந்திருக்கும்" என்றான். இருந்திருக்கும்தான். நான் வாங்கியது பேஸ் மாடல். அதற்கும் இதற்கும் லட்சத்துக்கு மேல் வித்தியாசம். பென்ஷன்காரன் கணக்குப் போட்டால் அப்படித்தான் போடுவான். பேஸ் மாடல்காரர்களுக்குத் தெரியும், அந்த ஸ்டியரிங்கில் பட்டன் வரவேண்டிய இடத்தில் ஒரு மொட்டைப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். "இங்கே ஒன்று இருந்திருக்கலாம்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த மூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போய்த்தான் இத்தனையும் தெரிந்துகொண்டேன். முப்பத்தேழு வருடம் டெலிபோன் டிபார்ட்மென்டில் ஒயரோடு குடும்பம் நடத்தியவனுக்கு இது வியாதி.

ஸ்டியரிங்கில் ரேடியோ கட்டுப்பாடு என்பது சமீபத்திய சொகுசு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. கார் ரேடியோ பிறந்தபோதே அது அங்கேதான் இருந்தது.

1932-இல் ஜெர்மனியில் ப்ளாபுங்க்ட் பெயரில் ஆட்டோசூப்பர் ஏ.எஸ். 5 என்று ஒரு ரேடியோ வந்தது. ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோ என்று அதைத்தான் சொல்கிறார்கள். எடை ஏறக்குறைய 15 கிலோ. விலை 365 ரைஷ்மார்க். அன்றைய கார் ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கு. அரை மூட்டை அரிசி கனமுள்ள பெட்டியை டாஷ்போர்டில் எங்கே திணிப்பது? ஆகவே பெட்டியை வேறிடத்தில் ஒளித்துவிட்டு, அதை இயக்கும் சிறு கருவியை மட்டும் ஒயரோடு இழுத்து ஸ்டியரிங் தண்டில் பூட்டினார்கள். அதாவது, ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவே கைக்கெட்டும் ஸ்டியரிங் கட்டுப்பாட்டோடுதான் வந்தது. சொகுசுக்காக அல்ல, வேறு வழியில்லாமல். (ப்ளாபுங்க்ட் என்றால் நீலப்புள்ளி. சோதனையில் தேறிய ஹெட்போனுக்கு அந்தக் கம்பெனி வைத்த நீலப்பொட்டு, பிறகு அதுவே பெயராயிற்று.)

அமெரிக்காவில் இரண்டு வருடம் முன்னதாக, 1930-இல், பால் கால்வின் என்பவர் சிகாகோவிலிருந்து தன் காரில் ரேடியோவைப் பொருத்திக்கொண்டு அட்லான்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்குப் போனார். உள்ளே கடை போடக் காசில்லை. வாசலில் காரை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்து ஆள் சேர்த்தார். அந்தக் கார் ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் மோட்டரோலா. அந்தக் காலத்து அமெரிக்க ரேடியோக்களிலும் பெட்டி டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கும்; டயலும் திருகும் ஸ்டியரிங் தண்டில் இருக்கும்; நடுவே முறுக்கிய கேபிள் ஓடும். ரேடியோ கேட்டுக்கொண்டே ஓட்டினால் கவனம் சிதறும், தடை செய்ய வேண்டும் என்று அப்போதே சில ஊர்களில் பேச்சு எழுந்தது. பால்காரர் அன்று என்னைப் பார்த்த பார்வைக்கு வயது தொண்ணூறுக்கு மேல் என்று சொல்லலாம்.

பெட்டி சிறிதாக ஆக, டாஷ்போர்டுக்குள் குடியேறிவிட்டது. 1955-இல் ஃபில்கோ கம்பெனி கிரைஸ்லர் கார்களுக்காக வால்வே இல்லாத, முழுக்க டிரான்சிஸ்டரில் இயங்கும் ரேடியோவைக் கொண்டுவந்தது. பிறகு 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் என்று ஒரு ஜெர்மன் அளவு உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் கடையில் "சிங்கிள் டின், டபுள் டின்" என்று கேட்பது அந்த அளவைத்தான். எல்லாம் சௌகரியம், ஆனால் கையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போய்விட்டது. அமெரிக்கர்களுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். 1950களின் கேடிலாக் கார்களில் ஸ்டேஷன் மாற்றுவதற்குத் தரையில் காலால் மிதிக்கும் பட்டன் வைத்தார்கள். கை போகாவிட்டால் கால்.

ஏன் மறுபடி ஸ்டியரிங்குக்கே கொண்டுவரவில்லை? முன்பு இருந்தது ஸ்டியரிங் தண்டில். தண்டின் உறை சுழலாது. சக்கரம் சுழலும். இடப்பக்கம் இரண்டரைச் சுற்று, வலப்பக்கம் இரண்டரைச் சுற்று என்று சுழலுகிற ஒன்றுக்கு ஒயர் கொண்டுபோவது எப்படி? கிணற்று ராட்டினத்தில் கயிறு முறுக்கிக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹாரனுக்கு ஒரே ஒயர் போதும். பித்தளை வளையம் ஒன்று, அதில் உரசிக்கொண்டே இருக்கும் ஒரு தொடுமுனை, தீர்ந்தது. பழைய காரில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஹாரன் தானாக அலறுவதும், அவசரத்துக்கு அடித்தால் ஊமையாவதும் அந்த உரசலின் உபயம்.

இதை மீறி வீரம் காட்டியது ஃபோர்டின் எட்செல், 1958 மாடல். சக்கரத்தின் நடுவிலேயே கியர் மாற்றும் பட்டன்கள். டெலிடச் என்று பெயர். நடுப்பகுதி மட்டும் அசையாமல் நிற்க, சக்கரம் அதைச் சுற்றிச் சுழலும்படி பல்சக்கரம் வைத்துச் செய்திருந்தார்கள். வழக்கமாக ஹாரன் இருக்கும் இடத்தில் கியர் பட்டன்! அடுத்த வருட மாடலிலேயே அதைத் தூக்கிவிட்டார்கள். ஆனால் யோசனை சாகவில்லை: 2004-இல் சிட்ரான் சி4 காரில் அதே மாதிரி அசையாத நடுப்பகுதி, இந்த முறை ரேடியோ பட்டன்களோடு வந்தது.

1980களில் ஆளுக்கொரு வழி பிடித்தார்கள். அமெரிக்காவில் பான்டியாக், கால்குலேட்டரைப் பிய்த்து ஒட்டியது போல ஸ்டியரிங் நடுவில் வரிசையாக ரேடியோ பட்டன்களை வைத்தது. ரெனோ மட்டும் புத்திசாலித்தனமாக, சுழலும் சக்கரத்தைத் தொடவே இல்லை. இண்டிகேட்டர் கம்பி மாதிரி ஒரு சிறு கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டி, விரல் நுனியில் எட்டவைத்தது. என்னைக் கேட்டால் அதுதான் சரியான விடை. ஏனோ உலகம் அந்த வழியில் போகவில்லை.

உலகத்தை வேறு வழியில் தள்ளியது ரேடியோவே அல்ல, ஏர்பேக். 1981 வாக்கில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் ஓட்டுநருக்கு ஏர்பேக் வந்தது. மோதிய பிறகு ஒரு நொடியில் முப்பது நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் பை விரிந்தாக வேண்டும். அதற்கான மின்சாரம் உரசும் வளையத்தை நம்பிப் போக முடியாது. அந்த நேரம் பார்த்துத் தொடர்பு விட்டுப்போனால்? ஆகவே தட்டையான ரிப்பன் கேபிள் ஒன்றைக் கடிகார வில் போலச் சுருட்டி ஒரு வட்டப் பெட்டிக்குள் வைத்தார்கள். சக்கரம் திரும்பும்போது ரிப்பன் இறுகும், தளரும், தொடர்பு அறுவதில்லை. கிளாக் ஸ்பிரிங் என்று பெயர். அந்த ரிப்பனில் ஏர்பேக்குக்கு இடம் ஒதுக்கிய பிறகு கூடவே இன்னும் நாலு இழை சேர்ப்பது பெரிய செலவல்ல. உயிர் காக்கப் போட்ட பாதையில் பாட்டும் சேர்ந்து பயணம் செய்ய ஆரம்பித்தது. ஸ்டியரிங் பட்டன்கள் இவ்வளவு சாதாரணமானதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

நம் ஊர்க் கதை வேறு. அப்பா காலத்தில் வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீசில் பணம் கட்டி லைசன்ஸ் எடுக்க வேண்டும். கார் வாங்கினவர் ஸ்டீரியோவைத் தனியாக வாங்கி வெளியில் போட்டுக்கொண்டார். மாருதி காலத்தில் அது ஒரு சடங்காகவே ஆயிற்று. சென்னையில் அதற்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. திருட்டுப் பயத்தில் கழற்றி எடுக்கும் செட்டுகள் வந்தபோது, கல்யாண மண்டபத்தில் ஒரு கையில் மொய்க் கவரும் மறு கையில் கார் ஸ்டீரியோவுமாக நின்ற கனவான்களை நான் பார்த்திருக்கிறேன். 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து இந்தியாவில் விற்கும் எல்லாக் காருக்கும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். ஆகவே என் ஏழை பேஸ் மாடலின் ஸ்டியரிங்கிலும் ஏர்பேக் உண்டு, கிளாக் ஸ்பிரிங்கும் உண்டு. ரேடியோவுக்கான இழைகள்தான் அதில் இல்லை.

பட்டனின் உள்ளே இருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு பட்டனுக்கு எட்டு ஒயர் இல்லை. இரண்டே ஒயர். ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு அளவு ரெசிஸ்டரை இணைக்கிறது. ஸ்டீரியோ அந்த மின்தடையை அளந்து "இது சத்தம் கூட்டு, இது அடுத்த பாட்டு" என்று புரிந்துகொள்கிறது. வெளிச்சந்தை ஸ்டீரியோவில் ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளும். கேபிள் எங்கே அறுந்திருக்கிறது என்று மின்தடையை அளந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்த எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்தது போல இருந்தது.

கடை பெயர் வேண்டாம். பையன் சுறுசுறுப்பு. மேல் மாடலின் பட்டனும், பழைய காரிலிருந்து கழற்றிய ஒரு கிளாக் ஸ்பிரிங்கும் கொண்டுவந்தான். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டான். கட்டைவிரலைத் தொட்டால் சத்தம் குறைகிறது! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தேவையே இல்லாமல் கூட்டிக் குறைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மார்க்கெட் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பட்டன் செத்தது. ஹாரன் செத்தது. மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை.

சுருளின் நடுநிலை பார்க்காமல் மாட்டியிருக்கிறான். ஒரு பக்கம் இரண்டரைச் சுற்றுக்கு இடம் வேண்டும். அதில் ஒன்றரைதான் மிச்சம் இருந்திருக்கும். ரிப்பன் அறுந்துவிட்டது.

கடைக்குப் போனேன். பையன் ஹாரனுக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தான். பிறகு, "பட்டனுக்கு வேற பீஸ் பாக்குறேன் சார். லைட்டுதான் உறுத்துதுன்னா, மஞ்சள் ஒயர்ல ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டா ஆஃப் ஆயிடும். நிறைய பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கேன்" என்றான்.

ஏர்பேக் ஒயருக்கு மஞ்சள் உறை போடுவது தொட வேண்டாம் என்பதற்காக. அவன் சொன்னதன் பொருள் எனக்கு உடனே புரிந்தது. எந்த ரெசிஸ்டர் வித்தையை ரசித்தேனோ அதே வித்தை. ஏர்பேக்கும் தன் திரியின் மின்தடையை வைத்துத்தான் "நான் இருக்கிறேன்" என்று காரின் மூளைக்குச் சொல்கிறது. அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்தால், இல்லாத ஏர்பேக் இருப்பதாக மூளை நம்பிவிடும். விளக்கு அணையும். பை விரியாது.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வந்துவிட்டேன். உடனே மறுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புது கிளாக் ஸ்பிரிங் விலை கேட்டிருந்தேன்; மூவாயிரத்துச் சொச்சம். ஏற்கெனவே செலவழித்தது போக இன்னும் இது. பதினோரு நாள் அந்த விளக்கோடு ஓட்டினேன். வீட்டம்மா "அது என்னங்க சிவப்பா?" என்று கேட்டபோது, "சர்வீஸ் டியூ" என்றேன்.

1981-இல் ஒரு சிறிய ஊர் எக்ஸ்சேஞ்சில் எனக்கு நைட் டியூட்டி. பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச். ஏதாவது கோளாறு என்றால் விளக்கு எரியும், மணி அடிக்கும். அந்த வாரம் முழுக்க ஒன்றுமில்லாததற்கெல்லாம் மணி அடித்துக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடித்தபோது, தினசரிப் பேப்பரை மடித்து மணிக்கும் சுத்தியலுக்கும் நடுவே செருகிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஒரு ஃபியூஸ் போய், நூறு லைன் ராத்திரி முழுக்கச் செத்திருந்தது. ஆறு மணிக்கு ஒருவர் கேட்டில் வந்து நின்றார். பிரசவ வலி கண்ட மகளுக்காக டாக்டர் வீட்டுக்கு ராத்திரியெல்லாம் போன் போட்டிருக்கிறார். கடைசியில் வண்டி கட்டிக்கொண்டு போனார்களாம். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அவர் சண்டை போட வரவில்லை, லைன் ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் வந்தார். ஃபியூஸ் போயிருந்தது என்றேன். பேப்பரைப் பற்றிச் சொல்லவில்லை. அவரிடம் மட்டும் அல்ல, யாரிடமும். இதுதான் முதல் முறை.

பன்னிரண்டாம் நாள் புது கிளாக் ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுத்தேன். மேல் மாடலுக்கானது, கம்பெனி பெட்டியில் வந்தது. நண்பர் ஒருவர் சொல்லி, புறநகரில் தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் செய்த முதல் காரியம் முன்சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தது. இரண்டாவது, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியது. மூன்றாவது, "வாங்க சார், டீ சாப்பிடுவோம்" என்றது.

டீக்கடையில்தான் காரணம் சொன்னார். பேட்டரியைக் கழற்றினாலும் ஏர்பேக் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். மோதலில் பேட்டரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டுமே, அதற்காக வைத்த சேமிப்பு. அது வடியும்வரை கை வைக்கக் கூடாது. "மீட்டர் வச்சு அந்த ஒயரை அளக்கவே மாட்டேன் சார். மீட்டர் கரண்ட்டே போதும், வெடிச்சாலும் வெடிக்கும்." நான் டிபார்ட்மென்டில் எதைப் பார்த்தாலும் மீட்டரை வைத்த ஆள். வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

திரும்பி வந்து ஏர்பேக்கைக் கழற்றி, முகம் மேலே பார்க்கும்படி தனியாக வைத்தார். கவிழ்த்து வைத்த ஏர்பேக் வெடித்தால் ராக்கெட் மாதிரி எழும்பும் என்றார். புதுச் சுருளை ஒரு பக்கம் மெதுவாகக் கடைசிவரை திருப்பி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே மறுபக்கம் கொண்டுபோய், பாதியில் திரும்பி வந்து, அம்புக்குறி நேராக நின்ற பிறகுதான் மாட்டினார். பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பினார். ஏர்பேக் விளக்கு எரிந்தது. சில நொடியில் அணைந்தது. இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். எரியவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்பு விளக்கு உட்பட. அவள் உடனே எதுவும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்று, "அந்தப் பதினோரு நாள்ல நாம திருவள்ளூர் போயிட்டு வந்தோமே?" என்றாள். ஆமாம், போய்வந்தோம். அண்ணன் பேரனையும் கூட்டிக்கொண்டு. விளக்கு எரிந்தால் என் பக்கத்துப் பை மட்டும் அல்ல, அவள் பக்கத்துப் பையும் விரியாமல் போகலாம் என்பதை அவளுக்கு நான் சொல்லவில்லை. மறுநாள் மகன் போனில் சொல்லிவிட்டான்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கோயிலுக்குப் புறப்பட்டபோது காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, முதலில் மீட்டரைப் பார்த்தாள். சாவியைத் திருப்பினேன். சிவப்பு எரிந்து அணையும்வரை பார்த்தாள். பிறகு அவளே ரேடியோவைப் போட்டாள். இப்போது தினமும் இப்படித்தான்.

ஸ்டீரியோவுக்குப் பட்டன்களைச் சொல்லிக்கொடுத்தது நான். எங்கோ அவசரப்பட்டிருக்கிறேன். போனை எடுக்கும் பட்டனை அழுத்தினால் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறது. ஓட்டும்போது போன் வந்தால் எடுக்க முடிவதில்லை. சரி செய்து தரட்டுமா என்று அந்த எலக்ட்ரீஷியன் கேட்டார். வீட்டம்மா, "அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.